சம்பளம் எழுதாத விளம்பரம்: 11 மணி நேரம் எங்கே போனது? ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது மூத்த கணக்காளர் பணியிடம் ஒன்று. தனி ஒருவருக்கு நடந்ததன் பதிவாக இதைப் படிக்க வேண்டாம். ஆள் எடுக்கும் பக்கத்திலும் வேலை தேடும் பக்கத்திலும் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே கோப்பாகக் கோத்த மாதிரி இது. பணத்தின் பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் எந்த நாணயத்தையும் போடவில்லை. விண்ணப்பித்தவர் இப்போது வாங்கும் நிலையான மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எண்களெல்லாம் அதற்கு ஈடாக, மாதக் கணக்கில்.

விளம்பரத்தில் இருந்தவை: பதவிப் பெயர், 5 முதல் 8 ஆண்டு அனுபவம், மாத இறுதிக் கணக்கு முடித்தல், தணிக்கைக்கு ஆவணம் தயாரித்தல், இரண்டு இளநிலை ஊழியர்களைப் பார்த்துக்கொள்ளுதல். சம்பளம் என்ற இடத்தில் "தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப, சந்தைக்கு நிகராக." விண்ணப்பித்தவருக்கு 7 ஆண்டு அனுபவம். 5 வாரம் கழித்து அவர் கைக்கு வந்த ஆஃபரில் நிலையான சம்பளம் 95. அதாவது, இருக்கிற வேலையைவிட 5 குறைவு.

விளம்பரத்துக்கு முன்பே இருந்த எண்

"சம்பளம் இன்னும் முடிவாகவில்லை" என்று சொல்லும் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றில் அது முடிவாகிவிட்டது என்பதுதான் உண்மை. அமைப்பாக இயங்கும் எந்த இடத்திலும் ஆள் எடுக்க முதலில் ஒரு கோரிக்கைப் படிவம் போக வேண்டும். பதவி, கிரேடு (சம்பளப் படிநிலை), போனவருக்கு மாற்றா புதிய இடமா, எந்தத் தேதிக்குள் தேவை, ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்று அதில் கட்டங்கள் இருக்கும். செலவுக் கட்டம் காலியாக இருந்தால் நிதித்துறை கையெழுத்துப் போடாது. கையெழுத்து விழாமல் விளம்பரம் வெளியே போகாது.

நம் நிகழ்வில் அந்த கிரேடுக்கு அடி 84, நடு 96, உச்சம் 108. இந்த வரம்பைத்தான் பேண்ட் என்கிறார்கள். எச்.ஆர். அதிகாரி தன் அதிகாரத்தில் நடுவரை கொடுக்கலாம். 96-ஐத் தாண்டினால் துறைத் தலைவரும் நிதித்துறையும் மறுபடி ஒப்புதல் தர வேண்டும். காகிதத்தில் உச்சம் 108 என்று இருந்தாலும், நடைமுறையில் வாசல் 96-ல் குறுகிவிடுகிறது. வேலை தேடுபவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது. பேண்டின் மேல் பாதி பெரும்பாலும் உள்ளேயே இருந்து ஆண்டாண்டாக ஏறி வருபவர்களுக்காக வைத்திருப்பது. வெளியிலிருந்து வருபவரை அங்கே உட்காரவைக்க ஒரு நிறுவனம் லேசில் சம்மதிக்காது.

இன்னொரு தடையும் இருந்தது. அதே கிரேடில் ஏற்கெனவே வேலை பார்க்கும் இருவர் 92-ம் 94-ம் வாங்குகிறார்கள். புதிதாக வருபவருக்கு 106 கொடுத்தால், அது வெளியே தெரிந்த வாரமே இருவரும் துறைத் தலைவர் அறையில் நிற்பார்கள். ஒருவருக்கு 12 கூட்டிக் கொடுக்கப்போய், மூன்று பேருக்கும் ஏற்ற வேண்டிய நிலை வரும்.

சம்பளத்தை ஏன் மறைக்கிறார்கள் என்ற கேள்விக்கு நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்பது. இது வலுவில்லாத சாக்கு. போட்டி நிறுவனத்தின் ஆட்கள் இங்கேயும் இங்கே இருப்பவர்கள் அங்கேயும் இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்; சம்பள ஆய்வு அறிக்கைகளை இரு பக்கமும் காசு கொடுத்து வாங்குகின்றன. விளம்பரத்தைச் சொந்த ஊழியர்கள் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் உண்மையான பயம். இரண்டாவது காரணம், யாராவது குறைவாகக் கேட்டு வந்தால் மிச்சம் என்ற கணக்கு. மூன்றாவதில் சதியும் இல்லை, திட்டமும் இல்லை: போன தடவை போட்ட விளம்பரத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார்கள், அதில் சம்பளம் இருந்திருக்காது.

முதல் நாளே தெரிந்திருந்தது

விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கட்டாயக் கட்டங்கள்: இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம். அவர் 100 என்றும் 110 என்றும் எழுதினார். போக்குவரத்துக்கு 4, பிள்ளையைக் காப்பகத்தில் கூடுதல் நேரம் விட 2 என்று புதிய இடத்தில் செலவு கூடும். ஆகவே 106-க்குக் கீழே போனால் கையைக் கடிக்கும், 110 கிடைத்தால்தான் மாறுவதில் பொருள் உண்டு என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையில்லை.

படிவத்தைப் பெற்ற மென்பொருளில் 120-க்கு மேல் கேட்பவர்களைத் தானாக ஒதுக்கும்படி வடிகட்டி வைத்திருந்தார்கள். 110 அதில் சிக்காமல் உள்ளே போய்விட்டது. பேண்டின் உச்சமே 108 என்னும்போது வடிகட்டி ஏன் 120-ல்? கேட்பதைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் இறங்கி வருவார்கள் என்று எச்.ஆர். முன்கூட்டியே கழித்துக்கொள்வதால்தான். அந்த நிமிடத்தில் அவர் கேட்ட 110, தான் தரக்கூடிய 96 என்று நிறுவனத்திடம் இரண்டு எண்களும் இருந்தன. அவரிடம் ஒன்றுதான் இருந்தது. இந்த இரண்டும் ஒத்துப்போகாது என்பது படிவம் போய்ச் சேர்ந்த அன்றே ஒரு தரப்புக்குத் தெரியும். பிறகு நடந்த 5 வாரமும் இன்னொரு தரப்பு அதைக் கண்டுபிடிக்க ஆன செலவு.

நான்காம் நாள் எச்.ஆரிலிருந்து அழைப்பு.

"உங்க எதிர்பார்ப்பு 110-னு பார்த்தேன் மேடம். கொஞ்சம் ஃப்ளெக்சிபிளா இருப்பீங்கல்ல?"

"பேசிக்கலாம் சார். நல்ல இடமா இருந்தா எனக்கு ஓகேதான்."

மரியாதையான பதில்தான். ஆனால் மறுமுனையில் குறிப்பில் ஏறியது "இறங்குவார்" என்ற ஒரே சொல். அவர் மனத்தில் 'கொஞ்சம்' என்றால் 110-லிருந்து 107. எச்.ஆர். மனத்தில் 95. அந்தச் சொல்லுக்கு எண் என்ன என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

செலவுக் கணக்கு

படிவம் நிரப்ப 50 நிமிடம். ரெஸ்யூமேயில் இருப்பதையே கட்டம் கட்டமாக மறுபடி தட்டச்சு செய்ய வைத்ததால் இவ்வளவு. அழைப்பு 20 நிமிடம். ஆன்லைன் டெஸ்ட் 75 நிமிடம். பிறகு வீட்டிலிருந்து செய்து அனுப்பும் அசைன்மென்ட்: ஒரு கற்பனை நிறுவனத்தின் மூன்று மாதக் கணக்கைச் சரிபார்த்து, ஒத்துப்போகாத பதிவுகளைக் கண்டுபிடித்து, இரண்டு பக்க அறிக்கை எழுத வேண்டும். "இரண்டு மணி நேரம் போதும்" என்றார்கள், 6 மணி நேரம் ஆனது. முதல் இன்டர்வியூ 1 மணி, இரண்டாவது ஒன்றரை மணி, அதற்கு அரை நாள் விடுப்பு வேறு. விடுப்பையும் பயணத்தையும் விட்டுவிட்டாலே 10 மணி 55 நிமிடம்.

நிறுவனத்துக்கும் இலவசமாக முடியவில்லை. முதல் சுற்றில் இருவர், இரண்டாவதில் மூவர் உட்கார்ந்தார்கள். அசைன்மென்ட் திருத்த ஒரு மணி நேரம். ஆக 7.5 மணி நேரம், அதுவும் மூத்தவர்களின் நேரம்.

நடுவில் ஒரு கேள்வி எழ வேண்டியிருந்தது. 6 மணி நேர அசைன்மென்ட் வந்தபோது சம்பள வரம்பு இன்னும் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் சம்பளமில்லாத உழைப்பைக் கேட்கும் எந்தச் சுற்றுக்கு முன்னும் வரம்பைக் கேட்டுவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்தக் கட்டத்தில் கேட்டால் கோபித்துக்கொள்ளும் நிறுவனம், பின்னால் கேட்டாலும் இதே முகத்தைத்தான் காட்டும்.

116 என்ற எண்ணுக்குள்

ஆஃபர் தொலைபேசியில் வந்தது. "மொத்தம் 116 மேடம், 16 சதவீத ஏற்றம்." மின்னஞ்சலில் பிரித்துப் பார்த்தபோது நிலையான சம்பளம் 95, வேரியபிள் பே (நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும் வரும் தொகை) 12, ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் செலுத்துவது 7, காப்பீட்டுப் பிரீமியம் 2.

அவருடைய 100 வெறும் நிலையான சம்பளம். அதை மொத்தச் செலவோடு ஒப்பிட்டு 16 சதவீதம் என்பது கண்கட்டு. அவருடைய பழைய வேலையையும் இதே முறையில் எழுதினால் நிலையானது 100, நிதிக்கு 7.5, காப்பீடு 1.5, ஆக 109. புதிய இடத்தில் உறுதியாக வருவது 95, 7, 2 சேர்த்து 104. மிச்சம் 12 வந்தால் வரும். அது எப்போது வரும் என்பது ஆஃபர் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது: நிறுவனம் ஆண்டு இலக்கை எட்ட வேண்டும், தனிநபர் மதிப்பீடு குறிப்பிட்ட தரத்துக்கு மேல் இருக்க வேண்டும், பணம் வழங்கும் தேதியில் அவர் ஊழியராக இருக்க வேண்டும். ஆண்டின் நடுவில் சேர்ந்தால் மாதக் கணக்கில் குறையும். இந்த நான்கில் ஒன்றுகூட விளம்பரத்திலோ இரண்டு இன்டர்வியூவிலோ பேச்சுக்கு வரவில்லை.

வேரியபிளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு" அல்ல. "இந்த கிரேடில் கடந்த மூன்று ஆண்டுகளில் இலக்குத் தொகையில் எத்தனை சதவீதம் உண்மையில் வழங்கப்பட்டது?" என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அதைப் பாதியாகக் கணக்கில் எடுங்கள். சேர்ந்த முதல் ஆண்டுக்குச் சுழியமாகவே எடுத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு.

அவர் 106-க்குக் கீழே முடியாது என்றார். நிறுவனம் இரண்டு நாள் எடுத்து 98-க்கு வந்தது; கூடவே வேலையில் சேர்வதற்கென ஒருமுறை மட்டும் தரும் 'சேரும் போனஸ்' 48. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 4, முதல் ஆண்டு 102. இரண்டாம் ஆண்டு மறுபடி 98. ஓராண்டுக்குள் விலகினால் அந்த 48-ஐத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. சேரும் போனஸை நிறுவனங்கள் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது: அது பேண்டைத் தொடாது, பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தோடு ஒப்பிடவும் முடியாது. அவர் மறுத்துவிட்டார். நிறுவனம் இரண்டாவது இடத்தில் வைத்திருந்தவரை அழைத்தபோது அவர் வேறெங்கோ சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தேடல் முதலிலிருந்து தொடங்கியது.

எந்த இடத்தில் தடுத்திருக்கலாம்

ஆஃபர் மேசையில் எப்படிப் பேரம் பேசுவது என்று சொல்லித்தர ஆள் நிறைய. இந்த நிகழ்வில் தோல்வி அங்கே நடக்கவில்லை. நான்காம் நாள், இருபது நிமிட அழைப்பில் நடந்தது. அதனால் திருத்தமும் அதற்கு முன்போ அப்போதோதான் இருக்க முடியும்.

விண்ணப்பிக்கும் முன் செய்யக்கூடியது ஒன்று. சில வேலைத் தளங்கள் விளம்பரம் போடுபவரிடம் சம்பள வரம்பைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளும். வெளியே காட்டுவதும் மறைப்பதும் அவர் விருப்பம். மறைத்தாலும் தேடல் வடிகட்டி அந்த எண்ணை வைத்தே இயங்கும். பதவிப் பெயரையும் நிறுவனப் பெயரையும் சரியாக இட்டுத் தேடுங்கள். குறைந்தபட்சச் சம்பள வடிகட்டியை அடியில் வைத்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். எந்தப் படியில் விளம்பரம் காணாமல் போகிறதோ, அதற்கு முந்தைய படிதான் அவர்கள் உள்ளே எழுதிய உச்சத்துக்கு அருகில் இருக்கும். எல்லாத் தளத்திலும் இது பலிக்காது. அடி முதல் உச்சி வரை எல்லாப் படியிலும் விளம்பரம் தெரிந்தால், ஒன்று எண்ணே இல்லை, இல்லாவிட்டால் ஏனோதானோ என்று அகலமாகப் போட்டிருக்கிறார்கள்.

பல நாடுகளில் கிளை உள்ள நிறுவனம் என்றால் இன்னொரு வழி உண்டு. சம்பள வரம்பை விளம்பரத்திலேயே எழுதச் சொல்லும் சட்டம் அமெரிக்காவின் கொலராடோவில் 2021 ஜனவரியிலும், நியூயார்க் நகரில் 2022 நவம்பரிலும், கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களில் 2023 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தது. அதே நிறுவனம் அதே பதவிக்கு அங்கே போட்ட விளம்பரத்தைத் தேடிப் பாருங்கள். அந்தத் தொகை உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் இந்தப் பதவிக்கும் ஒரு படி மேலே உள்ள பதவிக்கும் இடையே அவர்கள் வைத்திருக்கும் இடைவெளி எவ்வளவு, பேண்ட் எவ்வளவு அகலம் என்பது தெரிந்துவிடும். பதவிப் பெயரில் 'மூத்த' என்று இருப்பது வெறும் அலங்காரமா என்பதும் அங்கே புரியும்.

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். கொலராடோவில் சட்டம் வந்தவுடன், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைகளுக்குக் கொலராடோவாசிகள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று சில நிறுவனங்கள் விளம்பரத்திலேயே எழுதின. நியூயார்க்கில் உச்சம் அடியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும் அகல வரம்புகள் வந்தன. ஆஸ்திரியாவில் 2011 முதல் குறைந்தபட்சச் சம்பளத்தை எழுதியாக வேண்டும். பல விளம்பரங்கள் கூட்டு ஒப்பந்தத்தின் அடிமட்டத் தொகையைப் போட்டு, "தகுதியைப் பொறுத்து கூடுதலாகத் தரத் தயார்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/970 என்ற உத்தரவு, உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 7-க்குள் சட்டமாக்க வேண்டும் என்று கெடு வைத்தது. அதுகூட விளம்பரத்தில்தான் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. இன்டர்வியூவுக்கு முன்பு தெரிவித்தாலும் போதும். அதில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொரு பிரிவு: பழைய சம்பளம் எவ்வளவு என்று விண்ணப்பதாரரிடம் கேட்கக் கூடாது.

அந்தத் தடை இல்லாத இடங்களில் படிவத்தின் கட்டங்களைச் சமாளிக்கத்தான் வேண்டும். எழுத்து ஏற்கும் கட்டம் என்றால் "பதவியின் வரம்பு தெரிந்தபின் பேசலாம்" போதும். எண் மட்டுமே ஏற்கும் என்றால் சிலர் 0 அல்லது 1 போடச் சொல்வார்கள். சில மென்பொருள்கள் அதை வெற்றிடமாக எடுத்துக்கொள்ளும், சில இடங்களில் வடிகட்டி விண்ணப்பத்தையே தள்ளிவிடும், சூதாட்டம்தான். பொய்யான பழைய சம்பளம் மட்டும் வேண்டாம், சம்பளச் சீட்டு கேட்கும்போது ஆஃபரே ரத்தாகும். எதிர்பார்ப்புக் கட்டத்தில் உங்களுக்கு மனநிறைவு தரும் ஒற்றை எண்ணை எழுதுங்கள். 106–112 என்று வரம்பாக எழுதினால் வாசிப்பவர் கண்ணில் 106 மட்டும்தான் படும்.

அழைப்பில் எச்.ஆர். எதிர்பார்ப்பைக் கேட்டதும் பதிலுக்குக் கேட்க வேண்டியது: "இந்த இடத்துக்கு ஒப்புதல் ஆன சம்பள வரம்பு என்ன சார்?" 'சம்பளம் எவ்வளவு' என்று கேட்டால் 'உங்களைப் பொறுத்தது' என்று நழுவலாம். 'ஒப்புதல் ஆன வரம்பு' என்றால் கோரிக்கைப் படிவம் எப்படி ஓடும் என்று இவருக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிடும். வரம்பைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை என்றால், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும்படி கேள்வியை மாற்றுங்கள்:

"நீங்க எண்ணைச் சொல்ல வேண்டாம் சார். நிலையான சம்பளம் மட்டும், போனஸ் சேர்க்காம, 106-க்குக் கீழே எனக்கு ஒத்துவராது. அதுக்கு மேலே தர இந்த பட்ஜெட்ல இடம் இருக்கா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

இதற்கு எச்.ஆர். அதிகாரிகளில் பலர் நேராகவே பதில் சொல்வார்கள். விதி தடுப்பது எண்ணைச் சொல்வதை. ஒத்துவராத ஆளை ஐந்து வாரம் இழுத்தடிப்பதில் அவர்களுக்கும் ஆதாயம் இல்லை. "பார்க்கலாம்", "பிரச்சினை இருக்காது" என்ற பதில்களை 'இல்லை' கணக்கில் எழுதுங்கள். ஆள் தேடித் தரும் ஏஜென்சி வழியாக வந்த வேலையாக இருந்தால் இதைக் கேட்பது இன்னும் எளிது. அவர்கள் கட்டணம் பெரும்பாலும் முதலாண்டுச் சம்பளத்தில் குறிப்பிட்ட சதவீதமாக இருக்கும். ஆகவே வரம்பை விசாரிக்காமல் ஆள் தேட ஆரம்பித்திருக்க மாட்டார்கள்.

பதில் 'இருக்கிறது' என்று வந்தால், அழைப்பு முடிந்த அன்றே ஒரு மின்னஞ்சல்:

"இன்று பேசியதற்கு நன்றி. மூத்த கணக்காளர் பணிக்கு, வேரியபிள் பே நீங்கலாக நிலையான மாதச் சம்பளம் 106-க்கு மேல் தர வாய்ப்புள்ளது என்று தெரிவித்தீர்கள். இந்தப் புரிதலோடு அடுத்த சுற்றுக்கு வருகிறேன். இதில் மாற்றம் இருந்தால் டெஸ்டுக்கு முன் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்த மின்னஞ்சலே. இது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் ஆஃபர் தயாரிப்பவர் வேறு ஆளாக இருப்பார், அவர் கோப்பைத் திறக்கும்போது "இறங்குவார்" என்ற குறிப்புக்குப் பக்கத்தில் இதுவும் இருக்கும். மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் டெஸ்டை எழுதலாம், 6 மணி நேர அசைன்மென்டைத் தொட வேண்டாம்.

சம்பளம் தெரியாமலே தொடர்வது தவறில்லாத இடங்களும் உண்டு. முதலாளியே நேரடியாக ஆள் எடுக்கும் சிறு நிறுவனத்தில் கோரிக்கைப் படிவமோ பேண்டோ இருக்காது. அங்கே எண் உண்மையிலேயே பேச்சில்தான் பிறக்கும், முதலில் சொல்பவருக்கே சாதகம். புதிதாக உருவாக்கும் பதவிகளில் வரம்பு ஆளைப் பார்த்தபின் திருத்தப்படுவது உண்டு. வேலையில்லாமல் இருப்பவர் கணக்கு முற்றிலும் வேறு: அவருக்கு 95 என்பது சுழியத்தோடு ஒப்பிட வேண்டிய எண். அவரும் அந்த ஆம்–இல்லை கேள்வியைக் கேட்கலாம், ஆனால் 106 இருக்கும் இடத்தில் வீட்டுச் செலவைத் தாங்கும் குறைந்தபட்சத் தொகையை வைத்துக் கேட்க வேண்டும். பதில் 'இல்லை' என்று வந்தாலும் இன்டர்வியூவுக்குப் போகலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய முடியும்.